தொடர்பில் இல்லை

வின்னிபெக்கில் இன்று மைனஸ் முப்பத்தொன்று.
பேருந்து நிறுத்தத்திலிருந்து ஆய்வுக்கூடம் வருவதற்குள்
இமைமயிர் உறைந்துவிட்டது.
உள்ளே ஃப்ரீசரில் மைனஸ் எண்பது.
அங்கேதான் இருக்கிறார்கள்
நூற்றுப் பன்னிரண்டு பேர்,
ஆளுக்கொரு பயறளவு நுரையீரலாக.

பெயர் எனக்குத் தெரியாது,
தெரியக்கூடாது என்பது விதி.
நாற்பத்தேழு: பெண், ஐம்பத்தெட்டு,
ஒருநாளும் புகைத்ததில்லை.

அரைத்தேன், சுழற்றினேன், ஜெல்லில் ஏற்றினேன்.
மின்சாரம் தன்பாட்டில் ஓடியது.
ஒலெனா கொண்டுவந்த பீட்ரூட் சூப் ஆறிப்போனது.
விளக்கடியில் வைத்தால் ஏணி,
ஆறு ஆறு எழுத்தாய் ஏறும் ஏணி:
டி டி ஏ ஜி ஜி ஜி.

பிரியும்போதெல்லாம் செல்
நுனியில் கொஞ்சம் தேயவேண்டும்.
அதற்கு வயதாவது அப்படித்தான்.
இது தேய மறுத்து
அதே ஆறெழுத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது.
ஆறெழுத்து மந்திரம் வேறொன்றும் எனக்குத் தெரியும்;
அதைச் சொல்பவர்கள்
நூற்றெட்டில் நிறுத்திவிடுவார்கள்.

"நீடூழி வாழ்க" என்று
இனி யாரையும் வாழ்த்துவதாயில்லை நான்.
அது சரியான ஆளைப்
போய்ச் சேர்வதில்லை.

பி53 குலைந்திருக்கிறது.
மூன்றாம் குரோமோசோமின் குட்டைக் கையில்
ஒரு துண்டைக் காணோம்.
டெலோமரேஸ்: மிக அதிகம் என்று எழுதினேன்.
அதற்கு என்ன பொருள் என்று எழுதப்
படிவத்தில் இடம் விடவில்லை.

மார்ச்சில் உறையைப் பிரித்தார்கள்.
எங்கள் ஏணிகள் ஒருபுறம்,
யார் எப்போது போனார் என்பது மறுபுறம்.
திரையில் இரண்டு படிக்கட்டுகள்,
இரண்டும் இறங்க மட்டும்.
ஏணி பளிச்சென்று தெரிந்தவர்களின் படிக்கட்டு
சீக்கிரமே தரை தொட்டது.
எதிர்பார்த்ததுதான்.
"அழகான பிரிவு" என்றார் புள்ளியியல்காரர்.
கோடுகளைச் சொன்னார்.

நான் நாற்பத்தேழைத் தேடினேன்.
அவள் பெயரில் எந்தப் படியும் இறங்கவில்லை.
நாலாம் ஆண்டுக்கு நேரே
கோட்டின்மேல் ஒரு சின்னக் கீறல்.
அடிக்குறிப்பு: தொடர்பில் இல்லை.

விதியை மீறி ஒலெனா சொன்னாள்:
வடக்கே ஃப்ளின் ஃப்ளானுக்குப் போட்ட கடிதம்
திரும்பி வந்துவிட்டது.
தொலைபேசியை வேறு யாரோ எடுத்தாராம்,
பனிவண்டி பழுது பார்ப்பவர்,
அப்படி ஒரு அம்மாவைத் தெரியாதாம்.

இறந்தவர் கணக்கிலும் இல்லை,
இருப்பவர் கணக்கிலும் இல்லை.
ஏணியைப் பார்த்தவள் நான்,
எனக்கு யாரும் ஆறுதல் சொல்லமுடியாது.

ஆனாலும் இன்று காலை பேருந்தில்
சன்னல் பனியை நகத்தால் சுரண்டி
விழுந்த கீறல் வழியே பார்த்தேன்.
போர்ட்டேஜ் சாலை முனையில்
ஐம்பத்தெட்டு, அறுபது, அறுபத்திரண்டு வயதில்
ஒருநாளும் புகைத்திராத பெண்கள்
வாயிலிருந்து வெள்ளை வெள்ளையாய்ப் புகைவிட்டபடி
பச்சை விளக்குக்குக்
காத்து நின்றார்கள்.