ரெண்டு மீட்டர்

காசிமேட்டில் ஐஸ் அரைக்கும் மோட்டார்.
பதினைந்து குதிரை என்கிறது தகடு.
குதிரையை யாரும் எண்ணிப் பார்த்ததில்லை,
பில் மட்டும் எண்ணிக்கொண்டு வருகிறது.
அதனால் என்னைக் கூப்பிட்டார்கள்.

மே மாதம். தடைக்காலம்.
படகுகள் தோளுரசிக் கட்டிக் கிடக்க
உப்பரித்த ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்தேன்.
சிவப்பு, மஞ்சள், நீலம்.
சிவப்பில் ஒரு வாட்மீட்டர், நீலத்தில் ஒன்று,
இரண்டுக்கும் மறுகால் மஞ்சளில்.

"மூணு ஃபேஸுக்கு ரெண்டு மீட்டரா?
மூணாவது என்ன ஓசியா?" என்றார் கன்னியப்பன்,
முதலாளி. கேள்வியிலும் பேரம் பேசுபவர்.
ஓசியில்லை, ஐயா.
இரண்டில் போனது மூன்றாவதில் திரும்பியாக வேண்டும்.
இந்த வீட்டுக்கு வேறு கதவு கிடையாது.

தேசப்பன் பச்சைப் பொத்தானை அழுத்தினான்.
வெறும் பல்லைச் சுழற்றியது அரவை.
ஒரு முள் வலப்பக்கம் போய் நின்றது.
மற்றது பூஜ்யத்துக்குப் பின்னால் முட்டிக்கொண்டு நடுங்கியது,
சுவருக்குள் போகப் பார்க்கும் பல்லி மாதிரி.

"ரிப்பேரு மீட்டரைக் கொண்டாந்துட்டியாம்மா?"

நிறுத்தி, அதன் காயில் முனைகளை மாற்றிக் கட்டினேன்.
இனி அது காட்டுவதைக் கழிக்க வேண்டும்.
இரண்டாயிரத்து நூற்றறுபது,
கழித்தல் ஆயிரத்து ஐந்நூற்று அறுபது,
மீதி அறுநூறு வாட்.
ஒரு மிக்ஸியின் பசி.
கம்பியிலோ ஒன்பது ஆம்பியர்.

"ஒண்ணுமே அரைக்கல, அவ்ளோ கரண்டு எங்க போவுது?"
எங்கும் போகவில்லை, தேசப்பா.
போய்ப் போய்த் திரும்பி வருகிறது,
நொடிக்கு நூறு தரம்.
சிரித்தான்.
"நானுந்தான். தெனம் காலைல
ஆர்பர் வரைக்கும் போறேன், வரேன்."

கன்னியப்பன் என் நோட்டைத் திருப்பினார்.
"அந்தக் கழித்தல் குறி வேணாம்மா,
கடைக் கணக்குல ஆகாது."
கப்பாசிட்டர் போடச் சொன்னேன். தலையாட்டினார்,
'பார்க்கலாம்' என்று அர்த்தமாகும் தலையாட்டல்.
குறியை நான் அழிக்கவில்லை.

ஜூன் பதினான்கு இரவு மறுபடி போனேன்,
பாக்கிக் காசுக்கு என்று சொல்லிக்கொண்டு,
பையில் இரண்டு மீட்டரோடு.
தெருமுனை வரை மீன்பாடி வண்டிகள்.
யாரோ ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

முனைகளைப் பழையபடி கட்டியிருந்தேன்.
அதே முள், அதே பல்லி.
தேசப்பன் முழங்காலால் தள்ளிய முதல் பாளம்
பற்களில் விழ, மோட்டாரின் குரல் கனத்தது.
முள் கிளம்பியது.
பூஜ்யத்தைத் தொட்டபோது கண நேரம்
மொத்தக் கணக்கையும் ஒற்றை மீட்டரே சொன்னது.
பிறகு அது வலப்பக்கம் நடந்தது, அவசரமில்லாமல்,
இன்னொரு பாளம், இன்னொன்று,
எட்டாயிரத்து நானூறு இங்கே,
நாலாயிரம் அங்கே.

"எவ்ளோ காட்டுது?" என்று அவன் கத்தியது
வாயசைவில்தான் தெரிந்தது.
பதிலும் சத்தத்தில் கரைந்தது.
கையைத் தூக்கி விரல் காட்டினேன்.
பன்னிரண்டு கிலோவாட்டுக்கும் மேலே.
பத்து விரல் போதவில்லை.
அவனும் காத்திருக்கவில்லை,
அடுத்த பாளத்துக்குக் குனிந்துவிட்டான்.