பதினேழாம் பெட் அட்டெண்டர்

கழுத்தில் தொங்கும் மஞ்சள் அட்டையில்
அட்டெண்டர் என்று போட்டிருக்கிறது.
நாத்தனார் வீட்டுக்காரரும் அட்டெண்டர்தான்,
கடலூர் தாலுகா ஆபீஸில்.
காதுகுத்துப் பத்திரிகையில்கூட அச்சடித்துக்கொள்வார்.
அவர் டீ வாங்கி வந்தால் மாசச் சம்பளம்.
நான் வாங்கி வந்தால்
ஆறிப்போச்சே என்று முறைக்கும்
பதினேழாம் பெட்.
புருஷன் பேரைச் சொல்லிப் பழகாதவளுக்கு
நம்பர் சௌகரியம்.

கோரிமேட்டில் இது பத்தொன்பதாம் நாள்.
ஊசி போடும் பெண்ணை சிஸ்டர் என்கிறோம்,
என் பெரியவளைவிட ரெண்டு வயசு சின்னது.
கட்டு மாற்றும் பையன் பிரதர்.
ராத்திரி ரெண்டு மணிக்கு மூத்திரப் பை நிறைந்தால்
இந்த உறவுமுறையில் ஒருத்தரும் வருவதில்லை.
நானே மாற்றக் கற்றுக்கொண்டேன்.
கேட்டில் நிற்பவர் செக்யூரிட்டி.
ஏஜென்சி மாறப்போகிறதாம்,
பத்து நாளாகத் தூக்கமில்லை என்றார்.

ஓ.டி.க்குக் கூட்டிப் போகிறோம் என்றார்கள்.
எங்கள் ஊர் ஓ.டி. என்று நினைத்து
தட்டு, டம்ளர், போர்வை எல்லாம் மூட்டை கட்டிவிட்டேன்.
சிஸ்டர் சிரித்தாள்.
பதினேழும் சிரித்தது, தையல் வலிக்க.

ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு தாள்.
காப்பீட்டு அட்டையைப் பார்த்து கிளார்க்
என் பேருக்கு நேரே டிபென்டண்ட் என்று எழுதினார்.
என்ன சார் அது?
அவரை நம்பி வாழறவங்க, என்றார் நிமிராமல்.
சிப்காட்டில் இவரை நிறுத்தி எட்டு மாதம்.
துறைமுகத்துக் கம்பெனியில் நான் பீலர்,
கிலோவுக்கு இவ்வளவென்று இறால் உரிப்பவள்.
ஐஸ் தண்ணீரில் விரல் வெளுத்து
கைரேகை மிஷினே என்னை ஏற்பதில்லை.
இதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை.
பேனா வாங்கினேன்.
அதே தாளில், கையெழுத்துக் கோட்டுக்குக் கீழே
கார்டியன் என்று இருந்தது.

வராண்டாவில் என் பக்கத்துப் பாய்
பாகூர் சந்திரவதனா, ஒன்பதாம் பெட் அட்டெண்டர்.
நேற்று விடிகாலை அட்டையைத் திருப்பிக் கொடுத்தாள்.
ஐம்பது ரூபாய் டெபாசிட்டை
பத்துப் பத்தாக எண்ணித் தந்தார்கள்.
பாக்கி ஒரு துணிப்பை கிடந்தது.
கூப்பிட வாயெடுத்த செக்யூரிட்டி
என்னவென்று கூப்பிடுவது தெரியாமல்
பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினார்.

பதினேழாம் பெட் அட்டெண்டர்!
மைக்கில் கத்துகிறார்கள்.
ஓடுகிறேன்.
ஒரு காலில் என் செருப்பு.
இன்னொன்று
பாகூர்க்காரி மாற்றி விட்டுப்போனது.