இரண்டாம் ஓலை

பகலில் எழுதுவது முத்திரை ஓலை.
'மகாராஜ சமுகத்துக்கு, தாராபுரம் சீமை
அதிகாரி சென்னவீரய்யா தண்டமிட்டு' என்று தொடங்கி
மழை, வரி, குதிரைக்குக் கொள்ளு.
இரவில் எழுதுவதற்கு முத்திரை கிடையாது.
அதில், அவர் யாரோடு சிரித்தார்,
எந்தப் பாளையக்காரன் அனுப்பிய தேன்குடம்
எந்த வாசல் வழியாக உள்ளே போனது,
தூக்கத்தில் என்ன உளறினார்.
முதல் ஓலைக்கு மாதம் மூன்று பணம்.
இரண்டாவதற்கு மூன்றரை.
பட்டணத்து ராஜாவுக்குக்
கையைவிடக் காது ஒசத்தி.

யானைமேல் வந்திறங்கியவர்தான்.
இப்போது அந்த யானை
அமராவதி மணலில் கோரை தேடுகிறது;
பாகனுக்குச் செட்டியிடம் கடன்.
இரண்டு வருஷம் வானம் பொய்த்து
காங்கயத்துக் கிணறுகளில் பாறை தெரிகிறது.
ஊதியூர்ப் பாவாத்தாள் வரிக்கு ஈடாக
மயிலைக் காளையைக் கோட்டைவாசலுக்கு ஓட்டிவந்து
தும்பை என் கையில் கொடுத்தாள்.
'வெச்சுக்கோங்க சாமி. நேரத்துக்குத் தண்ணி மட்டும் காட்டுங்க.'

மூன்றாம் சாமம். கொட்டில் பக்கம்
மணி ஒரேயொரு தரம் ஒலித்து நின்றது.
அதிகாரியேதான். தலையில் முண்டாசுகூட இல்லை.
காளையின் கழுத்துமணியை ஒரு கையால் பொத்திக்கொண்டு
கிளுவைவேலி ஓரமாய் நடத்திப் போனார்.
காலையில் முதல் ஓலைக்குச் சொன்னார்:
'காளை ஒன்று. நோவு கண்டு செத்தது.'
எழுதினேன்.

அன்றிரவு எழுத்தாணியை எடுத்தபோது
தட்டாமல் திறந்தது கதவு.
அவர் கையில் ஆமணக்கெண்ணெய்க் கிண்ணம்.
'அந்த இன்னோர் ஓலைக்கு இந்த வெளிச்சம் போதாது உனக்கு.'
என் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.
அவரே திரியைத் தூண்டினார்.

'திருடிவிட்டேன் என்று எழுது.
திருடுகிற அதிகாரியை ராஜாவுக்குத் தெரியும்,
பிழிந்தால் கக்குவான்.
இரக்கப்பட்டான் என்று மட்டும் எழுதிவிடாதே.
நாடு விரும்புகிற அதிகாரி
எத்தனை நாளில் ராஜாவாவான் என்று
அங்கே விரல்விட்டு எண்ணுவார்கள்.
என் மகன் அந்த அரண்மனையில்தான்
சாப்பிடுகிறான், தூங்குகிறான்.'

'காளையை விற்றுப் பணத்தை விழுங்கினார்.'
விழுங்கினார் என்ற இடத்தில்
எழுத்தாணி ஓலையைக் கிழித்தது.
வேறோர் ஓலை எடுத்தேன்.

ஐப்பசியில் இரண்டு மழை.
தை பிறந்து பதில் வந்தது:
அபராதம் நூறு பொன்.
உத்தியோகம் இன்னும் இரண்டு வருஷம்.
எனக்கு அரைப்பணம் கூட்டியிருந்தார்கள்.
அவர் யானையை விலைபேசச் சொன்னார்;
வாங்க ஆளில்லை.

ஊதியூர்க் கிணற்றில் மயிலை ஒன்று
கவலை இழுக்கிறதாம்.
நான் போய்ப் பார்க்கவில்லை.
பார்த்தால்
எழுதவேண்டி வரும்.