எட்டரை அங்குலம்

காசிமேட்டில் மூடிக்கிடக்கும் ஐஸ் ஃபேக்டரிக்குள்
தார்ப்பாய் போர்த்தி நிறுத்தியிருந்தார் கில்பர்ட்.
இழுத்தார். சிவப்பு.
டாக்டர் இளம்பரிதி செருப்பைக் கழற்றப் போய்
பாதியில் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார்.

"ஸ்பிட்ஃபயர் சார், அறுபத்தஞ்சு மாடல்.
வெள்ளக்கார கேப்டன் ஒருத்தன் கப்பல்ல கொண்டாந்தது.
ஹார்பர்ல எறக்கும்போது எங்கப்பா நின்னு பாத்திருக்காரு."

பழைய வண்டி விற்கிற எல்லோருடைய அப்பாவும்
ஏதோ ஒரு நாள் ஹார்பரில் நின்றிருக்கிறார்.

என் கூலி மூவாயிரம்.
உடைந்த ஸ்பீக்கரில் கழற்றிய காந்தம்,
டார்ச், டேப், ஒரு கோணி.
காந்தத்தைக் கைக்குட்டையில் சுற்றி
கதவு நெடுக இழுத்துக்கொண்டே போனேன்.
பிடித்தது, பிடித்தது,
கீழ் ஓரத்தில் வழுக்கி விழுந்தது.
பட்டி. ஒரு விரல் கனம்.
அது பரவாயில்லை.
இந்த உப்புக்காற்றில் அறுபது வருஷம் நின்றால்
யாருக்கும் பட்டி பார்க்கத்தான் வேண்டும்,
எனக்கே இரண்டு பல்லுக்குப் பார்த்திருக்கிறது.

பானெட்டைத் தூக்கினால்
வாய் பிளந்த மீன்போல முன்பக்கமாகச் சாய்ந்தது.
நம்பர், ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப்போனது.
ஒத்துப்போகாமல் என்ன,
புத்தகத்தைப் பார்த்துத்தானே அடிப்பார்கள்.
தகடு பழசு. ரிவெட் புதுசு.
டாக்டரிடம் அதைச் சொல்லவில்லை.
அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி
எங்கேயோ வளைவில் போய்க்கொண்டிருந்தார்.

கோணியை விரித்து அடியில் போனேன்.
சக்கர நடுவிலிருந்து சக்கர நடு எண்பத்து மூன்று அங்குலம்.
கம்பெனிக் கணக்கு. சரிதான்.
எழுந்திருக்கலாம்.
மீன்வண்டித் தண்ணீர் சுவரோரம் ஓடி வந்து
முதுகை நனைக்க ஆரம்பித்திருந்தது.
ஆனாலும் கறுப்புப் பூச்சை ஆணியால் சுரண்டினேன்,
பழக்கம்.

வெல்டிங் ஒட்டு.
செதில்மேல் செதிலாக நெருக்கமாய் வந்து
முடிகிற இடத்தில் பின்னால் திரும்பி ஒரு சுழி.

அந்தச் சுழியை நான்தான் போடுவேன்.
"ராடு இன்னா உன் மாமனார் வூட்துதா?" என்று
வியாசர்பாடி ஷெட்டில் ஓனர் கத்தினாலும் போடுவேன்.
எண்பத்தெட்டு, மழை மாசம்,
மூன்று ராத்திரி, இரட்டைக் கூலி.
ஓடாத ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்றைக் கவிழ்த்துப்போட்டு
தொண்ணூற்று ஒன்றரையில் எட்டரையை அறுத்தெடுத்து
மிச்சத்தைச் சேர்த்தேன்.
யாருக்கு என்று கேட்கவில்லை.
எரிந்துபோன வேறொரு வண்டியின் மூக்கு
மூலையில் காத்திருந்ததைப் பார்த்தேன்,
அதையும் கேட்கவில்லை.
அறுத்த துண்டு இரண்டும் என் வீட்டில்
தண்ணி டிரம்முக்கு முட்டு.
இன்றைக்குக் காலையில்கூட
லாரி வந்த அவசரத்தில் அதில்தான் கால் இடித்துக்கொண்டேன்.

அடியிலிருந்து பார்த்தால்
டாக்டருடைய ஷூ, கில்பர்ட்டுடைய ஹவாய் செருப்பு.
செருப்பு நிலைகொள்ளாமல் நகர்ந்தது.
"இன்னா நைனா, தூங்கிட்டியா?"

பாவம், அவருக்கும் தெரியாது.
அவரும் யாரிடமோ கேப்டன் கதையோடு வாங்கியவர்தான்.

வெளியே வந்து சொன்னேன்:
"ஸ்பிட்ஃபயர் இல்ல சார், ஹெரால்டு.
நடுவுல வெட்டி ஒட்டினது.
மூக்கும் நம்பரும் வேற வண்டியோடது."

"எத்த வச்சி சொல்ற?" கில்பர்ட் பாய்ந்தார்.
"உறுதியா தெரியுமா?" என்றார் டாக்டர்.

வெட்டின துண்டு எங்கே இருக்கிறது என்றே தெரியும்.
"ஒட்டு தெரியுது சார்" என்றேன்.
வெட்டியதற்கும் கூலி வாங்கியாயிற்று,
கண்டுபிடித்ததற்கும் வாங்கியாயிற்று,
அதோடு கிளம்பியிருக்கலாம்.
வாய் சும்மா இருக்கவில்லை.

"ஆனா வெல்டிங்க மட்டும் கொற சொல்ல முடியாது சார்.
முப்பத்தாறு வருஷம். கடக்கர ஓரம்.
ஒரு வெடிப்பு, ஒரு முடி அளவு வெடிப்பு இல்ல."

டாக்டர் என்னைக் கொஞ்சநேரம் பார்த்தார்.
கோணியில் ஒட்டியிருந்த ஈரத்தைப் பார்த்தார்.
சிவப்பைப் பார்த்தார்.
"சரி, ஹெரால்டுன்னே வச்சுக்குவோம்.
என்ன வெலைக்குக் கேக்கலாம்?"

தார்ப்பாயை இழுத்துக்கொண்டிருந்த கில்பர்ட்டின் கை
பாதியில் நின்றது.