திங்கட்கிழமைக் காயம்

திங்கட்கிழமை காயப்படுவது என் முறை.
விசில் ஊதியதும்
சிவப்புத் தடிகளுக்கு இந்தப் பக்கம்
மல்லாந்து விழுவேன்.
"இடது கால், முழங்காலுக்குக் கீழே"
என்பார் கபிரியேல் அண்ணர், கையில் மணிக்கூடு.
இல்லாத இரத்தத்துக்கு
இறுக்கிக் கட்டுவாள் சுகந்தினி.
நாலு பேர் தூக்க, அம்புலன்ஸ்
மாங்குளம் றோட்டு ஏறும் மட்டும் போய்த் திரும்பும்.
ஏழு நிமிடம். போன கிழமை ஆறரை.
என் கனம் கூடிவிட்டதாம்.

வெளியில் சொல்லாதீர்கள்,
விடிந்தபின் நான் முதுகு சாய்ப்பது
கிழமைக்கு இந்த ஒரு தரம்தான்.
பாலைமரத்துக் குரங்கு
எங்களை ஒருமாதிரிப் பார்க்கிறது.

வீட்டிலும் ஆயத்தம்தான்.
அடையாள அட்டை, காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ்
கதவடி ஆணியில், பொலித்தீனுக்குள்.
இரண்டு தரம் நனைந்தபின்
மூன்று பொலித்தீன்.

நெஞ்சுப் பட்டியில் பி பொசிட்டிவ்.
படிவத்தில் மட்டும் ஒரு கட்டம்:
அறிவிக்க வேண்டியவர்.
வீட்டு நம்பரை எழுதி, வெட்டினேன்.
போன் அடித்தால் மகன்தான் ஓடிவந்து எடுப்பான்,
அவனுக்கு அதில் அவ்வளவு விருப்பம்.

பலசரக்குக் கடை ஞானப்பூவின் நம்பரை எழுதினேன்.
அவளுக்கு இன்னும் சொல்லவில்லை.
கடன் கொப்பியிலும்
எண்ணூறு ரூபாய் நிற்கிறது.