பயன்படும் முகவரிகள்

பாயான் லெப்பாஸ். மூன்றாம் மாடி, சர்வர் அறை.
பதினெட்டு பாகைக் குளிரில்
கைகளை ஸ்வெட்டருக்குள் இழுத்துக்கொண்டு
மறுபடியும் கூட்டிப் பார்க்கிறேன்.

நெட்வொர்க்கிங் சான்றிதழுக்குப் பதினாறாயிரம் வெள்ளி.
தேர்வுக் கட்டணம் தனி,
முதல் தடவை கோட்டைவிட்டதால் அதுவும் இரட்டிப்பு.
கொம்தாரில் கைப்பேசி விற்றபோது
ஆயிரத்துத் தொள்ளாயிரம்.
இப்போது இரண்டாயிரத்து நானூறு.
கூடியது ஐந்நூறு,
அதில் தவணை முந்நூற்றுப் பத்து,
இன்னும் ஐம்பத்தாறு மாதம்.
மீதி நூற்றுத் தொண்ணூறை
மோட்டாரும் இரவுக் கோப்பியும் குடிக்கின்றன.

பாடத்தில் இருந்ததுதான்:
சின்ன வலையில் நான்கு முகவரி.
முதலாவது வலையின் பெயருக்கு,
கடைசி எல்லாரையும் ஒருசேரக் கூப்பிட.
மிஞ்சும் இரண்டில்தான் யாரும் குடியிருக்கலாம்.
அந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் எனக்கு.

பழைய கடையிலிருந்து லோஷினி கேட்டிருக்கிறாள்:
"அக்கா, நானும் சேரவா? கடன் கிடைக்குமாம்."
சேர் என்று தட்டி அழித்தேன்.
வேண்டாம் என்று தட்டி அதையும் அழித்தேன்.
மேலே உள்ள எண்களை மட்டும் அனுப்பினேன்,
கோப்பி உட்பட.
இரண்டு நீலக் குறி. பதிலில்லை.

மூன்றே கால் மணிக்கு
ஏழாம் அலமாரியில் ஒரு விளக்கு அணைந்தது.
யாரையும் எழுப்பவில்லை.
நாற்பத்தெட்டுக் கம்பிகளில்
சாயம்போன நீலத்தைத் தேடிப் பிடித்து
தலையை வெட்டி, எட்டு நரம்பையும்
நிறம் பார்த்து அடுக்கி
புதுத் தலை நசுக்கிச் சொருகினேன்.

பச்சை.

இதை அவளுக்கு எழுதவில்லை.
எந்தப் பத்தியில் எழுதுவது,
வரவா
செலவா?