ஒரு நகம் அகலம்

ஏப்ரலில்தான் காய்ந்தது பாறை.
இருபதடி உயரத்தில் நெரிஸின் விரல்கள்
பழகிய பிடியைத் தடவின.
ஒரு நகம் அகலம். அவ்வளவுதான் அது.

ஓரம் உடைந்திருந்தது.
மூன்று வெள்ளைக் கீறல்,
துளைக்குள் கொஞ்சம் கல்மாவு.

"பொட்டுப் பனியில்லாத நாளில்
எவனோ கோடரி மாட்டி ஏறியிருக்கிறான்!"
லான்பெரிஸ் வரை கேட்டிருக்கும்.
அறுபது வருஷம்
விரல்கள் மட்டும் போன வழி.

கீழே கயிறு என் கையில்.
பிப்ரவரி, தூறல், வெறும் பயிற்சி.
கொத்துவதற்கென்றே விட்ட
ஸ்லேட் குவாரி
இரண்டு மைல் தள்ளி இருந்தது.
நடக்கச் சோம்பல்.

"யாராயிருக்கும்?"

ஒரு முழம் கயிறு விட்டேன்.

அவள் பாதம் இடம் தேடி
வழுக்கி
மறுபடி தேடி
என் கீறலில் ஊன்றி
மேலே போனது.